கட்டிக்குள் மூச்சு முட்டும் இடம்: கரண்ட் வைக்கும்போது ஆக்சிஜன் என்ன செய்கிறது?

எங்கள் தெருவில் ஒரு ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர், அதாவது காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து மூக்குக்குக் கொடுக்கும் மெஷின் இருக்கிறது. 2021-ல் கொரோனா இரண்டாம் அலை அடித்தபோது நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து பணம் போட்டு வாங்கியது. பாம்பனில் எங்கள் பக்கம் யாருக்கு மூச்சு வாங்கினாலும் அந்த வீட்டுக்குப் போகும், குணமானதும் திரும்பி வரும். போன மாதம் அது சித்தப்பா வீட்டுத் திண்ணையில் வந்து இறங்கியது. அவருக்கு மூச்சு வாங்கவில்லை. தொண்டையில் புற்றுநோய். மதுரையில் தங்கிக் கரண்ட் வைத்துக்கொண்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை ராத்திரி ஊருக்கு வந்தால் ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏறிவிடுவார்.

மெஷின் வந்த கதை இதுதான். சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் புற்றுநோய் உயிர்வாழ முடியாது, இதற்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள்" என்று ஒரு செய்தியைத் தள்ளிவிட்டார். அரை மணி நேரத்தில் இன்னொருவர், "ஆக்சிஜன்தான் கட்டிக்குத் தீனி, கொடுத்தால் வேகமாக வளரும்" என்று வேறொன்றைப் போட்டார். இரண்டுக்கும் கைகூப்பும் படங்கள் வந்து குவிந்தன.

சித்தப்பா என்னைக் கூப்பிட்டார். கரகரத்த குரலில், "ஏப்பா, நீ சயின்ஸ் வாத்தியார்தானே. இந்த மிசின மூக்குல மாட்டுனா கரண்டு நல்லாப் புடிக்குமா, புடிக்காதா? ஒண்ணச் சொல்லு" என்றார்.

ஒன்றைச் சொல்ல முடியவில்லை. ஆக்சிஜனுக்கும் கரண்டில் பாய்ச்சும் கதிர்வீச்சுக்கும் உண்மையிலேயே நெருங்கிய உறவு உண்டு. ஆனால் அது இரண்டு செய்தியிலும் சொன்ன மாதிரி இல்லை. அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்து அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

கரண்ட் என்றால் மின்சாரம் இல்லை

முதலில் இந்தக் 'கரண்ட்'. ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோரும் சொல்வது இந்தச் சொல்லைத்தான். அசல் பெயர் கதிர்வீச்சு சிகிச்சை. உடம்புக்குள் மின்சாரம் பாய்ச்சுவதில்லை. எலும்பு முறிந்தால் படம் எடுக்கப் பயன்படுகிற எக்ஸ் கதிரையே இன்னும் பல மடங்கு வீரியத்தோடு, கட்டி இருக்கும் இடத்தைக் குறிவைத்துப் பாய்ச்சுகிறார்கள். சித்தப்பா மாதிரி தொண்டைக்கு வைப்பவர்களுக்கு முகத்தோடு ஒட்டிய வலை மாதிரி ஒரு பிளாஸ்டிக் மாஸ்க் செய்து, அதைப் போட்டு மேசையோடு பூட்டிவிடுவார்கள். தலை அசையக் கூடாது. சிகிச்சை முடிந்து வெளியே வரும்போது அவர் நெற்றியில் அந்த வலைக்கண் அப்படியே பதிந்திருக்கும். நண்டு வலையில் மாட்டிய மாதிரி இருக்கிறேன் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

கதிரின் அளவைச் சொல்லும் அலகுக்குப் பெயர் கிரே. ஒரு கிலோ திசு ஒரு ஜூல் ஆற்றலை வாங்கிக்கொண்டால் அது ஒரு கிரே. ஒரு நாளைக்கு வைப்பது வழக்கமாக 2 கிரே. இந்த ஆற்றலால் திசு எவ்வளவு சூடாகும் தெரியுமா? ஒரு டிகிரியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவுதான். ஆகவே 'கரண்ட் வைத்துக் கட்டியைப் பொசுக்குகிறார்கள்' என்பதும் சரியில்லை. சூட்டினால் இங்கே எதுவும் நடக்கவில்லை. பின்னே எதனால் நடக்கிறது?

முறத்தில் ஒரு வாழைக்காய், சட்டியில் ஒரு வாழைக்காய்

வாழைக்காயை நறுக்கி முறத்தில் போட்டு வைத்தால் சற்று நேரத்தில் கறுத்துவிடும். அதே காயை நறுக்க நறுக்கத் தண்ணீர்ச் சட்டியில் போட்டால் வெள்ளையாகவே கிடக்கும். கத்தி ஒன்றுதான், கையும் ஒன்றுதான், வெட்டின் ஆழமும் ஒன்றுதான். முறத்தில் கிடந்த துண்டின் மேல் காற்று பட்டது, தண்ணீரில் கிடந்ததன் மேல் அவ்வளவாகப் படவில்லை. காற்றில் இருக்கும் ஆக்சிஜன்தான் வெட்டுவாயைக் கறுக்க வைக்கிறது.

இதில் கத்தியின் இடத்தில் கதிரை வையுங்கள். செல்லுக்குள் வெட்டுப் போடுவது கதிர். அந்த வெட்டு ஆறாமல் நிலைத்துவிடுமா, வந்த சுவடு தெரியாமல் மறைந்துவிடுமா என்பதைப் பெருமளவு முடிவு செய்வது பக்கத்தில் ஆக்சிஜன் இருக்கிறதா என்பது. ஆக்சிஜன் வெட்டுவதில்லை. வெட்டை ஆறவிடாமல் செய்கிறது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் மீதி எல்லாம் தானாக வந்து சேரும்.

சமையல்கட்டு உவமைக்கு ஒரு எல்லை உண்டு. வாழைக்காய் கறுக்கச் சில நிமிடம் ஆகும். செல்லுக்குள் நடப்பது கண் இமைப்பதற்குள் முடிந்துபோகிற சங்கதி.

செல்லுக்குள் நடக்கும் பந்தயம்

ஒவ்வொரு செல்லின் உள்ளேயும் டிஎன்ஏ இருக்கிறது. செல் எப்படி இயங்க வேண்டும், எப்படி இரண்டாகப் பிரிய வேண்டும் என்ற குறிப்பேடு அது. இரண்டு புரி போட்டுத் திரித்த கயிறு மாதிரி வடிவம். ஒரு புரி மட்டும் அறுந்தால் செல் அநேகமாகச் சரிசெய்துவிடும். இரண்டு புரியும் பக்கத்துப் பக்கத்தில் அறுந்தால்தான் பெரிய சேதம். ஒரு கிரே கதிர் பட்டால் ஒரு செல்லில் ஒற்றைப் புரி முறிவு ஆயிரம் வரையும், இரட்டைப் புரி முறிவு சுமார் 40 வரையும் விழும். சேதப்பட்ட புற்றுநோய்ச் செல் பெரும்பாலும் அந்த இடத்திலேயே செத்து விழாது. அடுத்து இரண்டாகப் பிரியப் பார்க்கும்போது தடுக்கி விழுந்து சாகும். 'மூணு நாள் கரண்ட் வெச்சும் கட்டி கரையலியே' என்று பதறுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

கதிர் நேராக டிஎன்ஏவில் போய் மோதுவது குறைவு. செல்லின் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் கதிரின் ஆற்றல் அதிகமாகப் படுவது தண்ணீரின் மேல்தான். தண்ணீர் மூலக்கூறு உடைந்து ஃப்ரீ ராடிக்கல் உண்டாகிறது. எலக்ட்ரான்கள் பொதுவாக ஜோடியாக இருக்கும். ஜோடி பிரிந்த ஒற்றை எலக்ட்ரானோடு அலைகிற மூலக்கூறுதான் ஃப்ரீ ராடிக்கல். அதற்கு இருப்புக்கொள்ளாது. பக்கத்தில் எது அகப்பட்டாலும் பிடுங்கிக்கொள்ளும். டிஎன்ஏ அகப்பட்டால் அதிலிருந்து ஒரு ஹைட்ரஜன் அணுவைப் பிடுங்கிவிடும். இப்போது டிஎன்ஏவிலேயே ஒரு பச்சைப் புண்.

இந்தப் புண்ணை நோக்கி இரண்டு பேர் ஓடி வருகிறார்கள். ஒருவர் குளூட்டாதயோன் மாதிரியான காப்புப் பொருள். செல்லே தயாரித்து வைத்திருப்பது. அது முந்தினால் பிடுங்கப்பட்ட ஹைட்ரஜனைத் திருப்பிக் கொடுத்துவிடும், டிஎன்ஏ பழைய நிலைக்கு வந்துவிடும், ஒன்றுமே நடக்காத மாதிரி. இன்னொருவர் ஆக்சிஜன். அது முந்தினால் புண்ணில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியபின் அவ்வளவு எளிதில் பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லை.

பந்தயம் முழுவதும் ஆயிரத்தில் சில பங்கு நொடிக்குள் முடிந்துவிடுகிறது. அதனால் கதிர் பாயும் அந்தக் கணத்தில் அந்தச் செல்லுக்குள் ஆக்சிஜன் இருந்தாக வேண்டும். சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்து இழுக்கும் ஆக்சிஜன் இந்தப் பந்தயத்தில் கலந்துகொள்ளவே முடியாது. பஸ் போன பிறகு ஸ்டாண்டுக்கு வந்த கதை.

எவ்வளவு வித்தியாசம் வரும்? ஆக்சிஜன் நன்றாக உள்ள செல்களையும் அறவே இல்லாத செல்களையும் ஒரே எண்ணிக்கையில் கொல்ல வேண்டுமென்றால், இல்லாதவற்றுக்கு இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் தேவை. இந்த மடங்குக்கு ஆக்சிஜன் பெருக்க விகிதம் என்று பெயர். மருத்துவ இயற்பியல் படித்தவர்களிடம் கேட்டால் ஓஇஆர் என்பார்கள்.

எவ்வளவு ஆக்சிஜன் போதும் என்பதில்தான் வியப்பு. ரத்த அழுத்தம் பார்க்கும்போது சொல்கிற அதே மில்லிமீட்டர் பாதரசக் கணக்கில், நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜனின் அழுத்தம் சுமார் 160. நல்ல திசுக்களுக்குள் பொதுவாக 20 முதல் 60. ஆனால் வெறும் 3 இருந்தாலே பாதிப் பலன் வந்துவிடுகிறது. 20, 30-ஐத் தாண்டிவிட்டால் அதற்குமேல் எவ்வளவு ஏற்றினாலும் பெரிதாக ஒன்றும் கூடாது. கட்டியைச் சுற்றியுள்ள நல்ல தோலும் வாயும் ஏற்கெனவே இந்த அளவில் இருப்பதால், அவற்றின் மேல் விழும் கதிர் முழுச் சேதத்தையும் செய்துவிடுகிறது. சித்தப்பாவுக்கு வாயெல்லாம் புண்ணாகி ரசஞ்சோறு கூட எரிவது அதனால்தான். நல்ல செல்லுக்குப் பாதுகாப்பில்லை, கட்டிக்குள் ஆக்சிஜன் இல்லாமல் ஒளிந்திருக்கும் செல்லுக்குப் பாதுகாப்பு உண்டு. அநியாயமான ஏற்பாடு.

இதுவரை சொன்னது: கதிர் வெட்டுகிறது, ஆக்சிஜன் அந்த வெட்டை நிலைக்க வைக்கிறது. அதற்குக் கொஞ்சம் ஆக்சிஜன் போதும், ஆனால் அதே இடத்தில், அதே கணத்தில் இருக்க வேண்டும்.

கடைமடைக்குத் தண்ணீர் வராத வயல்

சரி, உடம்பு முழுக்க ரத்தம் ஓடும்போது கட்டிக்குள் மட்டும் ஏன் ஆக்சிஜன் குறைகிறது?

2019-ல் மண்டபம், பாம்பன் பக்கம் கடல் பச்சையாகி மீன் செத்து ஒதுங்கியது பலருக்கு நினைவிருக்கும். நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் கட்டுக்கடங்காமல் பெருகி, தண்ணீரில் கரைந்திருந்த ஆக்சிஜன் குறைந்துபோனது. மேலே கடற்காற்று வழக்கம்போல வீசிக்கொண்டுதான் இருந்தது. காற்றுக்கு என்ன பஞ்சம்? ஆனால் தண்ணீருக்குள் இருந்த மீனுக்கும் பவளத்துக்கும் மூச்சு முட்டியது. வெளியே நிறைய இருப்பதும் உள்ளே போய்ச் சேர்வதும் வேறு வேறு. ஒரு திசுவுக்குள் இப்படி ஆக்சிஜன் தட்டுப்பாடு வருவதை ஹைபாக்சியா என்கிறார்கள்.

கட்டியில் இது வருவதற்கு இரண்டு வழி உண்டு. முதலாவதைப் புரிந்துகொள்ளக் கண்மாய்ப் பாசனம் பார்த்திருந்தால் போதும். என் அம்மாவின் ஊர் ஆர்.எஸ். மங்கலம் பக்கம். மடை திறந்தால் முதல் வயல்காரர் வயிறு நிறையக் குடிப்பார், நடுவில் உள்ளவர் அரைகுறையாக, கடைமடைக்காரர் வரப்பில் நின்று வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருப்பார். உடம்பில் ரத்தக்குழாய்தான் வாய்க்கால். அதிலிருந்து ஆக்சிஜன் கசிந்து பக்கத்துச் செல்களுக்குப் போகிறது. போகிற வழியில் ஒவ்வொரு செல்லும் எடுத்துக்கொண்டே இருப்பதால் சுமார் 100 முதல் 150 மைக்ரான் தூரத்தில் தீர்ந்துபோகிறது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று. நம் தலைமுடி இரண்டை ஒட்டிவைத்தால் என்ன தடிமனோ, ஏறக்குறைய அவ்வளவுதான் ஆக்சிஜன் நடக்கும் தூரம்.

நல்ல திசுவில் குழாய்கள் நெருக்கமாக ஓடுவதால் கடைமடை என்று ஒன்று கிடையாது. கட்டி அப்படி இல்லை. செல்கள் பெருகும் வேகத்துக்கு வாய்க்கால் வெட்ட முடிவதில்லை. குழாயை ஒட்டிய செல்கள் செழிப்பாக இருக்கும், தூரத்தில் உள்ளவை செத்துக் கிடக்கும், இரண்டுக்கும் நடுவில் ஒரு வரிசை சாகவும் சாகாமல், முழுதாக வாழவும் வாழாமல் நிற்கும். நமக்குத் தலைவலி அந்த நடு வரிசைதான். ஆக்சிஜன் இல்லாததால் கதிருக்குத் தப்பிவிடும், உயிர் இருப்பதால் பின்னால் மறுபடி பெருகவும் முடியும்.

இரண்டாவது வழி, தெருக்குழாயில் தண்ணீர் வந்து வந்து நிற்பது மாதிரி. கட்டிக்குள் முளைக்கும் ரத்தக்குழாய்கள் கோணல்மாணலாக, பொத்தலும் முடிச்சுமாக இருக்கும். திடீரென்று ஒரு குழாய் அடைபடும், சில நிமிடமோ சில மணி நேரமோ கழித்து மறுபடி திறக்கும். ஆக, இன்று காலை பஞ்சத்தில் இருந்த மூலை நாளைக்கு அப்படி இருக்காது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதையெல்லாம் ஒரே நாளில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. கதிர் வீசும் ரேடியம் என்ற உலோகத்தைத் தோலில் அழுத்தி வைத்தால் புண் குறைவாக வருகிறது என்று நூறு வருடத்துக்கு முன்பே கவனித்தார்கள். அழுத்தும்போது ரத்த ஓட்டம் குறைகிறது அல்லவா. 1921-ல் ஹோல்துசன் என்ற ஜெர்மானியர் உருண்டைப்புழு முட்டைகளை வைத்துப் பார்த்தார். ஆக்சிஜன் இல்லாதபோது அவை கதிரைத் தாக்குப்பிடித்தன. ஆனால் இது மனிதக் கட்டிக்கும் பொருந்தும் என்று உலகத்தை உட்கார வைத்துச் சொன்னவர் ஹரால்ட் கிரே என்ற ஆங்கிலேய இயற்பியலாளர். 1953-ல் அவரும் கூட்டாளிகளும் எழுதிய கட்டுரையும், 1955-ல் தாம்லின்சன் என்பவரோடு சேர்ந்து நுரையீரல் புற்றுநோய்த் திசுக்களை மைக்ராஸ்கோப்பில் அளந்து எழுதியதும்தான் இந்தத் துறைக்கு அடித்தளம். குழாயிலிருந்து இத்தனை மைக்ரான் தாண்டினால் செல் செத்துக் கிடக்கிறது என்று அளவு வைத்துக் காட்டினார்கள். கிரே என்ற அலகு அவர் பெயரால் வந்ததுதான்.

ஒரு மனக்கணக்கு

இது வெறும் பேச்சாக நின்றுவிடாமல் இருக்க ஒரு கணக்குப் போடுவோம். கணக்கு எளிமையாக இருக்க எண்களை நானே வைத்துக்கொள்கிறேன்.

ஒரு கட்டியில் 100 கோடி செல்கள். சுண்டைக்காய் அளவுக் கட்டி என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு நாளும் வைக்கும் 2 கிரே, ஆக்சிஜன் உள்ள செல்களில் பாதியைக் கொல்கிறது. முதல் நாள் 50 கோடி, மறுநாள் 25 கோடி... இப்படி 30 நாள் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது ஒன்றே ஒன்று. பரவாயில்லை, ஏறக்குறைய வென்றுவிட்டோம்.

இப்போது அந்த 100 கோடியில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 10 கோடி செல்கள் கடைமடையில் இருப்பவை. அவற்றுக்கு மூன்று நாள் கதிர்தான் ஒரு நாள் கதிருக்குச் சமம். 30 நாள் வைத்தாலும் பத்து முறை பாதியாக்கிய பலன்தான். பத்து முறை பாதியாக்கினால் ஆயிரத்தில் ஒன்று மிஞ்சும். பத்துக் கோடியில் ஆயிரத்தில் ஒன்று என்றால் ஒரு லட்சம் செல்கள். கட்டி திரும்ப வர அதில் ஒன்றிரண்டு போதும்.

இந்தக் கணக்கை சித்தப்பாவிடம் தரையில் விரலால் எழுதிக் காட்டியபோது அவர் முகம் வாடிவிட்டது. "அப்ப எனக்கு வெக்கிறதெல்லாம் வீணா?" என்றார். அவசரப்பட்டுவிட்டேன். கணக்கின் மறுபாதியை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஏன் தினமும், ஏன் இத்தனை நாள்?

நான் போட்ட கணக்குப்படி நடந்தால் கதிரால் ஒரு கட்டியும் குணமாகக் கூடாது. ஆனால் குணமாகிறது. தொடக்க நிலையில் உள்ள குரல்வளைப் புற்றுநோய் பெரும்பாலும் கதிராலேயே குணமாகிறது. ஏனென்றால் கடைமடை எப்போதும் கடைமடையாக இருப்பதில்லை.

முதல் சில நாள் கதிரில் அடிபட்டுச் சாவது யார்? வாய்க்காலை ஒட்டிய செல்கள். அவை செத்தால் அவை குடித்துக்கொண்டிருந்த ஆக்சிஜன் மிச்சமாகிறது. முன்வயலில் அறுப்பு முடிந்துவிட்டால் தண்ணீர் கடைசி வயல் வரைக்கும் ஓடும் அல்லவா, அதே மாதிரி. கட்டி சுருங்கச் சுருங்க, தூரத்தில் இருந்தவை குழாய்க்குப் பக்கத்தில் வருகின்றன. அடைபட்டிருந்த குழாய்கள் திறக்கின்றன. நேற்று ஆக்சிஜன் இல்லாமல் தப்பித்த செல்லுக்கு இன்று ஆக்சிஜன் கிடைக்கிறது, இன்று வைக்கும் கதிர் அதைப் பிடித்துக்கொள்கிறது. இதற்கு மீள் ஆக்சிஜனேற்றம் என்று பெயர். புற்றுநோய்ச் செல்லுக்கு நல்ல காலம் வருவதுதான் அதற்குக் கெட்ட காலம் என்பது வேடிக்கைதான்.

மொத்தக் கதிரையும் ஒரே நாளில் வைக்காமல் தவணை தவணையாக வைப்பதற்கு ஒரு காரணம் இது. இன்னொரு காரணம், நடுவில் கிடைக்கும் நேரத்தில் நல்ல செல்கள் தங்களைச் சரிசெய்துகொள்கின்றன. தொண்டைக்கு வழக்கமாக 33 முதல் 35 தவணை, வாரத்துக்கு ஐந்து நாள், மொத்தம் 66 முதல் 70 கிரே. 'நல்லாத்தானே இருக்கு, ரெண்டு நாள் லீவு போட்டுட்டு அடுத்த வாரம் போறேன்' என்பது கூடவே கூடாது. நடுவில் விடும் நாட்களில் மிஞ்சிய செல்கள் பெருகும். திருவிழா, கல்யாணம், படகு வேலை எதுவானாலும் முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

சுருக்கமாக: கட்டிக்குள் ஆக்சிஜன் பஞ்சம் உள்ள செல்கள் கதிருக்குத் தப்புகின்றன. முன்னால் உள்ளவை சாகச் சாக அவற்றுக்கும் ஆக்சிஜன் போய்ச் சேர்கிறது. தவணை முறை அதைப் பயன்படுத்திக்கொள்கிறது.

அந்த இரண்டு செய்திகளும்

நோபல் செய்தியை எடுத்துக்கொள்வோம். ஓட்டோ வார்பர்க் என்ற ஜெர்மன் விஞ்ஞானிக்கு 1931-ல் நோபல் பரிசு கிடைத்தது உண்மை. செல்கள் சுவாசிக்க உதவும் நொதியைப் பற்றிய ஆய்வுக்காகக் கொடுத்தது அது. ஆக்சிஜன் புற்றுநோயைக் கொல்லும் என்பதற்காக அல்ல. புற்றுநோய்ச் செல்கள் ஆக்சிஜன் இருக்கும்போதும்கூட சர்க்கரையை நொதிக்க வைத்து ஆற்றல் எடுக்கின்றன என்று அவர் கவனித்ததுதான் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. 'ஆக்சிஜன் இருக்கும்போதும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். இருந்தாலும் அவை வாழ்கின்றன. குழாயை ஒட்டி நிறைய ஆக்சிஜனோடு வாழும் செல்கள்தான் கட்டியிலேயே வேகமாகப் பெருகுபவை.

அப்படியென்றால் 'ஆக்சிஜன்தான் தீனி' என்ற எதிர்க்கட்சி சொன்னது சரியா? அதுவும் இல்லை. ஆக்சிஜனைக் குறைத்தால் கட்டி பட்டினியில் ஒடுங்கிவிடும் என்று யாராவது நினைத்தால் நடப்பது நேர்மாறு. பஞ்சத்தைச் செல்கள் உணர்ந்துகொள்கின்றன. எப்படி உணர்கின்றன என்று கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2019-ல் நோபல் கிடைத்தது. உணர்ந்ததும் புதுக் குழாய் வெட்டச் சொல்லிச் சமிக்ஞை அனுப்பும், பஞ்சத்தில் வாழப் பழகிக்கொள்ளும், இடம் பெயரும் குணமும் கூடும். பஞ்சம் பார்த்த செல் பொல்லாத செல். இரண்டு செய்திகளில் இந்த இரண்டாவதுதான் எனக்கு அதிகக் கோபம் வரவழைத்தது. மூச்சுத் திணறும் நோயாளிக்கு இதை நம்பி ஆக்சிஜனை நிறுத்தினால் என்ன ஆகும்?

சரி, அந்த மெஷின்?

சித்தப்பா விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்தோம். 97 காட்டியது. அவருடைய ரத்தத்தில் ஆக்சிஜன் சுமக்கும் ஹீமோகுளோபினில் நூற்றுக்கு 97 பங்கு ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது என்று அர்த்தம். லாரியில் மூட்டை நிரம்பித்தான் இருக்கிறது. லாரி நுழைய முடியாத சந்தில்தான் சிக்கல். மெஷினை மூக்கில் வைத்தால் மிச்சம் மூன்று பங்கு நிரம்பும், ரத்தத்தில் கொஞ்சம் கூடுதலாகக் கரையும். அதுவும் சனிக்கிழமை திண்ணையில். கதிர் பாய்வதோ திங்கட்கிழமை மதுரையில்.

மருத்துவர்களுக்கு இந்த யோசனை வராமல் இல்லை. 1950-களிலேயே லண்டனில் நோயாளியை அழுத்தம் ஏற்றிய கூண்டுக்குள் படுக்க வைத்து, முழு ஆக்சிஜன் கொடுத்துக் கதிர் பாய்ச்சிப் பார்த்தார்கள். சில வகைப் புற்றுநோய்களில் பலன் தெரிந்தது, பக்க விளைவும் கூடியது, கூண்டோடு மல்லுக்கட்ட முடியவில்லை. அப்புறம் பிரிட்டனில் சிறுநீர்ப்பை புற்றுநோய்க்கு, ஆக்சிஜனோடு சிறிதளவு கரியமில வாயு கலந்த வாயுவையும் நிகோடினமைடு மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்ததில் நல்ல பலன் கிடைத்தது. அந்த முடிவு 2010-ல் வெளிவந்தது. மாத்திரை அடைபடும் குழாய்களைத் திறந்து வைக்க, வாயு ஆக்சிஜனைக் கொண்டுபோக. நேரம் பார்த்து, கதிர் பாயும்போதே கொடுப்பது அது. டென்மார்க்கில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு நிமோரசோல் என்ற மாத்திரை கொடுக்கிறார்கள். பந்தயத்தில் ஆக்சிஜனுக்குப் பதிலாக ஓடும் ஆள் என்று சொல்லலாம். மற்ற பெரும்பாலான நாடுகளில் அது வழக்கத்துக்கு வரவில்லை.

ஆக, 'ஆக்சிஜன் கொடுத்துப் பலனே இல்லை' என்று நான் சொல்லவில்லை. வீட்டு மெஷினால் அது நடக்காது என்கிறேன். மூச்சுத் திணறலுக்கு டாக்டர் ஆக்சிஜன் எழுதிக் கொடுத்திருந்தால் அது வேறு விஷயம், தாராளமாக வைக்க வேண்டும்.

ரத்தசோகை பற்றியும் கேட்பார்கள். ஹீமோகுளோபின் குறைந்தவர்களுக்குக் கதிர் சிகிச்சையின் பலன் குறைவாக இருப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அதை ஊசி போட்டு வேகமாக ஏற்றிவிட்டால் தீர்ந்தது என்று ஐரோப்பாவில் எரித்ரோபொயட்டின் ஊசி போட்டுப் பார்த்தபோது, தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளுக்கு நிலைமை மோசமானது. ஆகவே ரத்தம் ஏற்றலாமா, எப்போது ஏற்றலாம் என்பதை சிகிச்சை தரும் டாக்டர் முடிவு செய்யட்டும். 'ரத்தம் ஊறும்' என்று கடையில் விற்கும் லேகியத்தை அவரிடம் காட்டாமல் சாப்பிட வேண்டாம்.

பீடி

நோயாளியின் கையிலேயே இருக்கிற ஒன்று உண்டு. புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும் வாயு. மூட்டை ஏற்ற வந்த லாரியில் முன்கூட்டியே ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுக்கும் ஆள். சாதாரண ஆக்சிமீட்டர் இந்த ஆளையும் ஆக்சிஜன் என்றே எண்ணிவிடும், அதனால் 97 என்று காட்டினாலும் முழுதாக நம்ப முடியாது. கனடாவில் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளைப் பார்த்து 1993-ல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சை நடக்கும்போதும் புகைத்தவர்களில் 45 சதவீதம் பேருக்குத்தான் கட்டி முழுதாக மறைந்தது. நிறுத்தியவர்களிலும் புகைக்காதவர்களிலும் அது 74 சதவீதம். இவ்வளவு வித்தியாசத்துக்கும் ஆக்சிஜன் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் காசு செலவில்லாமல் இதைவிடப் பெரிய உதவி செய்யும் மெஷின் எனக்குத் தெரிந்து எங்கள் தெருவில் இல்லை.

இதைச் சொன்னபோது சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. திண்ணையை விட்டு எழுந்து, வேட்டி மடிப்பிலிருந்து பாதி தீர்ந்த பீடிக்கட்டை எடுத்து என் சட்டைப்பையில் சொருகினார். "நீ வெச்சுக்க. திருப்பிக் கேட்டாலும் குடுத்துராத" என்றார்.

கான்சன்ட்ரேட்டர் இரண்டு வீடு தள்ளி ஆஸ்துமா முற்றி டாக்டர் ஆக்சிஜன் எழுதிக் கொடுத்திருக்கும் ஒரு அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறது. சித்தப்பாவுக்கு இன்னும் ஒன்பது தவணை பாக்கி. செவ்வாய்க்கிழமை மதுரையிலிருந்து போன் வந்தது. நலம் விசாரித்துவிட்டு, "அந்தக் கட்டு பத்திரமா இருக்கா?" என்று கேட்டார். மேசை டிராயரில் கிடக்கிறது, கடற்காற்றில் நமத்துப் போய்விட்டது என்றேன்.